இறந்த ராப்பரின் புது ஆல்பம்: முதல் தடவை கேட்டபோது உங்களுக்கு எப்படி இருந்தது?

நானே ஆரம்பித்து வைக்கிறேன். அமெரிக்க ராப்பர் மேக் மில்லரின் 'சர்க்கிள்ஸ்' ஆல்பம் வந்தபோது நான் பிட்ஸ்பர்க்கில் படித்துக்கொண்டிருந்தேன். அவருடைய சொந்த ஊர். 2018 செப்டம்பர் 7 அன்று போதைமருந்தும் மதுவும் சேர்ந்து 26 வயதில் அவரைக் கொண்டுபோயின. அதற்கு முந்தைய ஆல்பம் 'ஸ்விம்மிங்' வெளியாகி ஒரு மாதம்தான் ஆகியிருந்தது.

2020 ஜனவரியில் புது ஆல்பம் வரப்போகிறது என்று குடும்பத்தார் இன்ஸ்டாகிராமில் அறிவித்ததும் எனக்கு ஆசையைவிட சந்தேகம்தான் அதிகம். ஸ்டுடியோ கம்ப்யூட்டரில் கிடந்த துண்டு துணுக்கையெல்லாம் அள்ளி, கூட நாலு பெரிய ஆட்களின் குரலை ஒட்டி விற்பது இந்தத் தொழிலில் புதிதில்லையே. ஆனால் அந்த அறிவிப்பைப் படித்தபோது கொஞ்சம் நம்பிக்கை வந்தது. 'ஸ்விம்மிங்', 'சர்க்கிள்ஸ்' இரண்டையும் ஜோடியாகத்தான் அவர் யோசித்து வைத்திருந்தாராம். அவரோடு உட்கார்ந்து வேலை பார்த்துக்கொண்டிருந்த தயாரிப்பாளர் ஜான் பிரயனே, இருவரும் பேசி வைத்திருந்ததை நினைவில் வைத்து மீதியை முடித்துக் கொடுத்திருக்கிறார். 

ஜனவரி 17, ராத்திரி பன்னிரண்டு மணிக்கு வந்தது. ரூம்மேட் தூங்கிக்கொண்டிருந்தான், ஹெட்போனில்தான் கேட்டேன். முதல் பாட்டில் அதிரடி பீட் எதுவும் கிடையாது. மெல்லிய வாத்தியங்கள், அதற்கு மேல் காதுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து முணுமுணுக்கிற மாதிரி குரல். ராப் எப்போது வரும் என்று காத்திருந்தேன். ஆல்பத்தில் பெரும்பகுதி பாட்டாகவே போகிறது. 12 பாடல்களில் விருந்தாளியாகப் பாடியவர் ஒரே ஒருவர். இதை நான் ரொம்பப் பெரிய விஷயமாக நினைக்கிறேன். அவர் பெயரைச் சொன்னால் பாட வர எத்தனை நட்சத்திரங்கள் தயாராக இருந்திருப்பார்கள்!

நடுவில் ஆர்தர் லீ என்ற ராக் பாடகரின் பழைய பாட்டு ஒன்றைத் திரும்பப் பாடியிருக்கிறார். வாழ்வதும் சாவதும் எல்லாருக்கும் பொது என்கிற பாட்டு. உடனே ஆளாளுக்கு "சாவை முன்கூட்டியே சொல்லிவிட்டார்" என்று எழுதித் தள்ளினார்கள். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. காலையில் எழுந்து ஒரு நாளைத் தள்ளுவதற்குப் படுகிற அவஸ்தையைத்தான் அவர் எழுதினார். நாம் செய்தி தெரிந்து கேட்கிறோம், அதனால் ஒவ்வொரு வரியும் அப்படிக் கேட்கிறது.

இரண்டு நாள் கழித்து அவருடைய பிறந்தநாள், இருந்திருந்தால் 28. ஃப்ரிக் பூங்காவுக்குப் போனேன். 2011இல் வந்த அவருடைய முதல் ஆல்பத்துக்குப் பெயர் கொடுத்த நீலச் சறுக்குமரம் அங்கேதான் இருக்கிறது. சறுக்குமரம் என்றதும் இரும்பில் இருக்கும் என்று நினைக்காதீர்கள். மேட்டுச் சரிவோடு சேர்த்துப் போட்ட சிமெண்ட் சரிவு, மேலே நீலப் பெயின்ட். சும்மா உட்கார்ந்தால் வழுக்காது, பிள்ளைகள் அட்டைப்பெட்டியைக் கிழித்து அடியில் போட்டுக்கொண்டுதான் சறுக்குவார்கள். அந்தக் குளிரிலும் ஏழெட்டுப் பேர் நின்றிருந்தார்கள். ஒருவர் போனில் புது ஆல்பத்தை ஓடவிட்டிருந்தார். யாரும் அழவில்லை. அட்டையை எனக்கும் நீட்டினார்கள். சறுக்கினேன்.

சரி, அடுத்து யார்?

* * *

தம்பி, நான் உங்களுக்கு ஒரு தலைமுறை முந்தின ஆள். ரொறன்ரோ, ஸ்காபரோ. 1996 நவம்பரில் ராப்பர் டூபாக்கின் 'செவன் டே தியரி' ஆல்பம் வந்தபோது பள்ளிக்கூடத்தில் இருந்தேன். மக்கவெலி என்ற பெயரில் வந்தது. செப்டம்பரில் சுடப்பட்டு இறந்தவர், அட்டைப்படத்தில் சிலுவையில் தொங்குகிறார்! ஆள் சாகவில்லை, எங்கேயோ ஒளிந்திருக்கிறார் என்று எங்கள் வகுப்பில் பாதிப் பேர் சத்தியம் செய்வார்கள். நானும் நம்பினேன் என்று வையுங்கோ.

ஆனால் அது அவரே முடித்து வைத்த ஆல்பம். ஆகஸ்டில் மூன்று நாளில் எழுதிப் பாடி, நாலு நாளில் மிக்ஸிங், அதனால்தான் அந்த ஏழு நாள் பெயர். எனக்கு வயிற்றைப் பிரட்டியது 2004இல் வந்த 'லாயல் டு த கேம்'. அதுவும் டூபாக் ஆல்பம்தான், ராப்பர் எமினெம் தயாரித்தது. பழைய குரலை வெட்டி ஒட்டி, ஜி-யூனிட் என்ற ராப் குழுவின் பெயரை டூபாக் வாயால் சொல்ல வைத்திருந்தார்கள். அவர் இருந்த காலத்தில் அப்படி ஒரு குழுவே கிடையாது. எமினெம் அவர்மேல் வைத்திருந்த மரியாதையில் எனக்குச் சந்தேகமில்லை. இருந்தாலும் அந்த இடம் வந்ததும் சிடியை நிறுத்திவிட்டேன்.

* * *

நியூயார்க் ராப்பர் பாப் ஸ்மோக் பற்றி யாரும் சொல்லவில்லையே? 2020 பிப்ரவரியில் சுடப்பட்டபோது அவருக்கு 20 வயது, அதுவரை ஸ்டுடியோ ஆல்பமே போட்டதில்லை. முதல் ஆல்பமே ஜூலையில், அவர் போன பிறகு வந்தது. ராப்பர் 50 சென்ட் முன்நின்று முடித்தார். ஃபேஷன் டிசைனர் வர்ஜில் அப்லோ வடிவமைத்த அட்டை வெளியானதும் ரசிகர்கள் கொதித்துப்போய் மனு போட்டார்கள். நானும் கையெழுத்துப் போட்டேன். அட்டையை மாற்றினார்கள். அந்த ஆல்பத்தில் மனிதர் இருக்கிறார், அந்தக் கரகர குரல் ஸ்பீக்கரை உலுக்கும். அடுத்த வருடம் வந்த 'ஃபெய்த்' வேறு கதை. விருந்தாளிகள் கூட்டத்தில் அவரைத் தேட வேண்டியிருந்தது. பாப் பாடகி துவா லிபா வரைக்கும் இருக்கிறார். ஒரு தடவை கேட்டதோடு சரி.

* * *

ஸ்காபரோ அண்ணா, ஜி-யூனிட் சமாசாரம் எனக்குத் தெரியவே தெரியாது. இப்போதுதான் கேட்டுப் பார்த்தேன். கொடுமை.

மேக் மில்லருக்கு 2025இல் 'பலூனரிசம்' என்று இன்னொன்று வந்தது. அது 2014 வாக்கில் பதிவு செய்து அவர் ஓரமாக வைத்த ஆல்பம். திருட்டுப் பதிவாக இணையத்தில் ரொம்ப நாள் சுற்றிக்கொண்டிருந்தது, அதனால் ஒழுங்கான வடிவத்தில் கொடுக்கலாம் என்று குடும்பத்தார் முடிவு செய்ததில் நியாயம் இருக்கிறது. ஆனால் அவரே வெளியிடாமல் வைத்தது என்ற எண்ணம் எனக்குப் போகவில்லை. பிடித்த பாட்டு இரண்டு மூன்று உண்டு, முழுதாகக் கேட்பது 'சர்க்கிள்ஸ்' மட்டும்தான்.

ஜூஸ் வேர்ல்ட் ரசிகர்கள் இருந்தால் எழுதுங்கள். அவர் இறந்த பிறகே மூன்று ஆல்பம் வந்துவிட்டது, எதிலிருந்து தொடங்குவது?