தெக்குத் தெரு குடும்பம் குரூப், வெள்ளிக்கிழமை ராத்திரி

சாச்சா குவைத்: பெரியவனே, பாஸ்போர்ட் காப்பி கேட்டு மூணு நாளாச்சு. ஸ்டோர் கீப்பர் வேலை. ரூம், சாப்பாடு கம்பெனியே பாத்துக்கும். விட்டா வேற ஆளுக்குப் போயிரும்

லாத்தா: அவன் கடக்கரைல நிக்கிறான் சாச்சா. புள்ளைகளோட பந்து

சாச்சா குவைத்: முட்டி போனதுக்கு அப்புறமுமா?

நான்: சாச்சா, உங்க ஊர்ல பொறந்த ஒருத்தர் கதை சொல்லட்டா

சாச்சா குவைத்: கீழக்கரைலயா? யாரு மவன்?

நான்: குவைத்துல 😄 காலித் ஜமீல். 1977ல அங்க பொறந்து பம்பாய்ல ஆடினவர். நம்ம காக்கா மாதிரியே மிட்ஃபீல்ட், நடுவுல ஆடுறவர். மஹிந்திரா யுனைடெட், ஏர் இந்தியா, கடைசியா மும்பை எஃப்சி. இந்தியாவுக்கும் ஆடிருக்கார். காயம் படுத்தி எடுத்துருச்சு. 2009ல ஆட்டத்தை விட்டுட்டு அதே மும்பை டீமுக்குக் கோச் ஆயிட்டார். அப்ப வயசு 32

மச்சான் துபாய்: ஐசால் ஆளுதானே?

நான்: அவரேதான் மச்சான். ஐசால் மிசோரம் டீம். ஐ-லீக்தான் அப்ப நாட்டோட முதல் லீக், அதை விட்டே இறங்கிருச்சு. கோவா டீமுங்க விலகினதால மறுபடி சேத்துக்கிட்டாங்க. அப்படிப்பட்டதை வெச்சு 2017ல ஐ-லீக் ஜெயிச்சார். ஐசாலுக்கு 37 பாயின்ட், மோகன் பகானுக்கு 36. மிசோரம் முழுக்கவே 2011 கணக்குல 11 லட்சம் பேருதான். நம்ம ராமநாதபுரம் மாவட்டத்துல மட்டும் 13 லட்சத்துக்கு மேல

மச்சான் துபாய்: கடைசி மேட்ச் ஷில்லாங்ல. முதல்ல கோல் வாங்கிட்டு 1-1 ஆக்குனாங்க. ரூம்ல போன்ல பாத்தேன், நெஞ்சு அடைச்சுருச்சு

பெரிய மாமா: எல்லாம் சரி. மஹிந்திரா, ஏர் இந்தியா எல்லாம் ஆபீஸ் டீம். பந்துக்குப் பின்னாடி ஒரு கம்பெனி நின்னுச்சு. அந்த மஹிந்திராவே 2010ல டீமை மூடிட்டான். இவனுக்கு எந்த ஆபீஸ் மாப்ள?

நான்: மாமா சொல்றது நெசம்

சாச்சா குவைத்: 2025 நவம்பர்ல டாக்காவுல பங்களாதேஷ்கிட்ட இந்தியா தோத்தது யாரு கோச்சா இருந்தப்ப? உன் காலித்தானே? இங்க எங்க ரூம்ல நாலு பேரு பங்களாதேஷ்காரன். ரெண்டு நாள் என்னைத் தூங்க விடல

நான்: 😂 ஆமா, 0-1. அதுக்கு முன்ன கோவாவுல சிங்கப்பூர்கிட்டயும் தோத்து ஆசியக் கோப்பையே போச்சு. ஆனா 2025 ஆகஸ்ட்ல இந்தியா கோச்சா பொறுப்பு எடுத்த உடனே தஜிகிஸ்தானை அவங்க ஊர்லயே 2-1 அடிச்சார். அதே டோர்னமென்ட்ல ஓமனைப் பெனால்டில அடிச்சு மூணாவது எடம். ஓமனை நாம அதுக்கு முன்ன ஜெயிச்சதே இல்ல

லாத்தா: உம்மா பக்கத்துல இருந்து கேக்குறாங்க, அந்தக் காலித்துக்கு நிக்காஹ் ஆயிருச்சான்னு

மச்சான் துபாய்: 😂😂

காக்கா: இப்பத்தான் பாத்தேன். தண்ணி ஏறுற வரைக்கும் நின்னோம். ஸலாம் சாச்சா

காக்கா: தம்பி கப்பை மட்டும் சொல்றான். மும்பைல ஏழு வருஷம் இருந்தார், ஐ-லீக் கப்பு கிட்டயே போகல. எனக்குப் புடிச்சது அந்த ஏழு வருஷம்தான்

பெரிய மாமா: ஏழு வருஷம் சம்பளம் வந்துச்சு மாப்ள

காக்கா: அதுவும் சரிதான் மாமா. கோச் ஆகுறதுக்கான டி லைசன்ஸ் கோர்ஸுக்குப் பேர் குடுத்திருக்கேன். அது முடிஞ்சா பள்ளிக்கூடத்துல கோச் வேலைன்னு கேட்டுப் போகலாம். அதுக்கு மேல சி, பி, ஏ, ப்ரோ. காலித் ப்ரோ வரைக்கும் ஏறினவர். நான் சி வரைக்கும் போனாலே பெரிசு

சாச்சா குவைத்: கடக்கரைல என்னதான் சொல்லிக் குடுக்குற?

காக்கா: கிழிஞ்ச வலையோட மிதவையைப் பொறுக்கி வரிசையா நட்டு வெச்சிருக்கேன். நடுவுல ஒரு பய. அவனுக்குப் பின்னாடி ஒருத்தன் விரலைக் காட்டுவான். பந்து கால்ல படுறதுக்கு முன்ன திரும்பிப் பாத்து எத்தனை விரல்னு சொல்லணும். நடுவுல ஆடுறவனுக்குக் கால் அப்புறம், கழுத்துதான் முதல்ல. வள்ளத்துக்குப் போறவர் மவன் ஒருத்தன், இடது கால்காரன், இன்னிக்குப் பத்துக்கு ஒம்பது சரியாச் சொன்னான்

காக்கா: எனக்கு இதை யாரும் சொல்லித் தரல. பந்தையே பாத்துக்கிட்டு நின்னேன், பக்கவாட்டுல வந்தவனைப் பாக்கல. முட்டி போனது அப்படித்தான்

லாத்தா: இதை நீ வீட்ல சொன்னதே இல்ல

காக்கா: 📷 போட்டோ

மச்சான் துபாய்: பந்து ஏன் இப்படிப் பிதுங்கிக் கெடக்கு?

காக்கா: உப்புத் தண்ணி மச்சான். தையல் விட்டுருச்சு. இருக்கிறது ரெண்டுதான், ஒண்ணு இது

லாத்தா: உம்மா சொல்றாங்க, முரல் மீன் பொரிச்சது ஆறிப் போச்சாம், மொதல்ல வீட்டுக்கு வரச் சொல்றாங்க

காக்கா: வந்துட்டே இருக்கேன். சாச்சா, பாஸ்போர்ட் காப்பி நாளைக்கு அனுப்புறேன். கோர்ஸ் முடியுற வரைக்கும் மட்டும் அவங்களை நிறுத்தி வைக்க முடியுமா?

சாச்சா குவைத்: மாசக் கடைசி வரைக்கும் பேசிப் பாக்குறேன். அதுக்கு மேல என் கையில இல்ல

சாச்சா குவைத்: பந்து எத்தனாம் நம்பர் சைஸ்?

காக்கா: 4 சாச்சா. எல்லாம் 12 வயசுக்குள்ள