லிமிட்டுக்குக் கேள்விக்குறி போட்டா டிரைவர் உடையுதாம்!

கொக்கி:
முந்தாநாள் ஒருத்தர் அள்ளிவிட்ட அறிவுரை இன்னும் கண்ணை உறுத்துது: "பிடிஓல லிமிட்டுக்குக் கேள்விக்குறி போட்டா 1064 பிழை வரும். டிரைவர் பக். எண்ணை நேரா வினவல்லயே ஒட்டிடுங்க." இதுக்கு நன்றி சொல்லவும் ஆள் இருக்கு! (புதுசா வர்றவங்களுக்கு: பிடிஓன்னா பிஎச்பி நிரலை டேட்டாபேஸோட பேச வெக்கிறது. வினவல்னா டேட்டாபேஸ்கிட்ட கேக்குற கேள்வி, லிமிட்னா அதுல எத்தனை வரி வேணும்னு சொல்ற இடம். கேள்விக்குறி, மதிப்பு பின்னாடி வந்து உக்கார்ற இடம், பேரு பிளேஸ்ஹோல்டர். 1064னா வினவல்ல இலக்கணப் பிழை.) மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸுக்கு பிடிஓ எமுலேஷனை முதல்லயே ஆன்ல வெச்சிருக்கும், அதாவது மதிப்புகளைத் தானே நிரப்பி முழு வினவலா அனுப்பும். வினவலை ஓட்டுற எக்ஸிக்யூட்டுக்கு மதிப்புகளை அரேயா, அதாவது பட்டியலா கொடுத்தா உள்ள இருக்குற எல்லாமே ஸ்ட்ரிங், வெறும் எழுத்து. 10 போய் '10' ஆகுது, லிமிட் அதை ஏத்துக்காது. மதிப்பை ஒவ்வொண்ணா கொடுக்குற பைண்ட்வேல்யூல பாரம் இன்ட்னு, அதாவது முழு எண்ணுன்னு சொல்லுங்க, ஓடும். இதுல பக் எங்க இருந்து வந்தது?

ஈயம்பூசி:
அந்த "ஒருத்தர்" நான்தான். பேரைச் சொல்லியே திட்டலாம், பழக்கம்தானே. நான் கொடுத்தது முழு எண் 10. அதைச் சுத்தி மேற்கோள்குறி போட்டது யாரு, நானா டிரைவரா?

கொக்கி:
அரேல கொடுத்தா ஸ்ட்ரிங்காத்தான் எடுத்துக்கும்னு மேனுவல்லயே இருக்கு. படிக்கிற வழக்கம் இருந்தா தெரிஞ்சிருக்கும்.

ஈயம்பூசி:
மேற்கோள்குறி போட்டது யாரு?

நள்ளிரவு நிரலர்:
ரெண்டு பேரும் நிறுத்துங்கப்பா. எமுலேஷனை ஆஃப் பண்ணா அதே அரேயோட லிமிட் ஓடும்.

கொக்கி:
வந்துட்டாரு, எல்லா நோய்க்கும் ஒரே கஷாயம். ஆஃப் பண்ணினா பேர் வெச்ச ஒரே பிளேஸ்ஹோல்டரை வினவல்ல ரெண்டு இடத்துல போட முடியாது. தலைப்புலயும் உள்ளடக்கத்துலயும் ஒரே சொல்லைத் தேடுற பக்கமெல்லாம் எச்ஒய்093னு பாராமீட்டர் எண் தப்புங்கிற பிழையைக் கக்கும். போன தடவையும் இதையேதான் சொன்னீங்க, பின்விளைவைப் பத்தி மூச்சு விடல.

நள்ளிரவு நிரலர்:
ரெண்டாவதுக்கு வேற பேர் வெக்கத் தெரியாதவங்களுக்கு நான் பொறுப்பில்ல.

சும்மாஇரு:
பிஎச்பியோட பழைய மைஎஸ்க்யூஎல் ஃபங்ஷன்கள்ல இந்தத் தலைவலியே கிடையாது.

கொக்கி:
அதை பிஎச்பி 7.0லயே தூக்கிட்டாங்க சார். இன்னும் அதுலதான் ஓட்டுறீங்கன்னா உங்க சர்வரை நினைச்சா பயமா இருக்கு. ஈயம்பூசிக்கு வர்றேன். லிமிட்டுக்கு ஒட்டினவர் நாளைக்கு வரிசைப்படுத்துற ஆர்டர் பைக்கும் ஒட்டுவாரு. அங்க கேள்விக்குறி போட்டா பிழையும் வராது, வரிசையும் மாறாது, ஏன்னா பிளேஸ்ஹோல்டர் மதிப்புக்குத்தான், அட்டவணையில இருக்குற பத்தியின் பேருக்கு இல்ல. அனுமதிச்ச பேர்களை ஒரு பட்டியலா வெச்சு அதுல இருந்து எடுக்கணும். அதை விட்டுட்டு உலாவியில இருந்து வர்றதை அப்படியே ஒட்டினா ஊசி, அதான் எஸ்க்யூஎல் இன்ஜெக்ஷன், வெளியாள் எழுதின வினவல், உள்ள போயிடும்.

ஈயம்பூசி:
ஆர்டர் பை பத்தி நான் வாயே திறக்கல. லிமிட்டுக்கு, முழு எண்ணா மாத்துற இன்ட்வால் போட்டுத்தான் ஒட்டுறேன். அதுல எவன் என்ன ஊசி போடுவான்? பதில் சொல்லுங்க.

கொக்கி:
நீங்க இன்ட்வால் போடுவீங்க. உங்களுக்கு அப்புறம் அந்தக் கோடைத் தொடுறவன்?

ஈயம்பூசி:
ஆக ஊசி போட முடியாது. சரி, மேற்கோள்குறி?

நள்ளிரவு நிரலர்:
பேசாம போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸுக்கு மாறிடுங்க.

கொக்கி:
மாறி, நடுவுல இணைப்புகளைப் பகிர்ந்து கொடுக்குற பிஜிபவுன்சரை, ஒவ்வொரு டிரான்சாக்ஷனுக்கும் இணைப்பை மாத்துற டிரான்சாக்ஷன் மோட்ல வெச்சா, பழைய பதிப்புல பிரிப்பேர் பண்ணின ஸ்டேட்மென்ட் (சர்வர்ல முன்கூட்டியே தயார் பண்ணின வினவல்) காணாமப் போகும். 2023ல வந்த 1.21லதான் அதுக்கு வழி பண்ணினாங்க, அப்போ அதுக்கும் ஒரு செட்டிங் போட வேண்டியிருந்தது. எதைக் கேட்டாலும் "மாறிடுங்க". நீங்க நிரலரா, வீட்டு புரோக்கரா?

நள்ளிரவு நிரலர்:
தனிப்பட்ட தாக்குதல் வேண்டாம். போன மாசம் என் பதிவுக்குக் கீழயும் இதே நக்கல்.

சும்மாஇரு:
என் சர்வரைப் பத்திப் பேசினதுக்கு முதல்ல மன்னிப்புக் கேளுங்க.

கொக்கி:
சர்வருக்கா, உங்களுக்கா? ஈயம்பூசி, டீபக் டம்ப் பாரம்ஸ்னு ஒரு மெத்தட் இருக்கு. எமுலேஷன் ஆன்ல இருந்தா பிஎச்பி 7.2ல இருந்து, கடைசியா சர்வருக்குப் போன வினவலையே காட்டும். அதை ஓட்டி இங்க ஒட்டுங்க. இல்லேன்னா மைஎஸ்க்யூஎல்ல, வர்ற வினவலையெல்லாம் பதியுற ஜெனரல் லாக்கைத் திறங்க. டிரைவர் மேல பழி போடுறதுக்கு முன்னாடி இதையாவது பண்ணியிருக்கலாம்.

ஈயம்பூசி:
ஓட்டிட்டேன். லிமிட்டுக்குப் பக்கத்துல '10'. நான் டைப் பண்ணாத ரெண்டு குறி பளிச்சுனு நிக்குது.

கொக்கி:
நான் முதல் பதிவுலயே சொன்னது அதுதானே!

ஈயம்பூசி:
நான் சொன்னதும் அதுதான். போட்டது டிரைவர்.

கொக்கி:
வகையைச் சொல்லாம விட்டது நீங்க.

நள்ளிரவு நிரலர்:
ஆஃப் பண்ணிப் பார்த்தீங்களா?

கொக்கி:
நீங்க இன்னும் போகலையா?