கலைச்சொல் விவாதம்: பறவைகள் இங்கே ‘குளிர்காலம் கழிக்கின்றன’ என்று எழுதலாமா?

பட்டர்வொர்த் ஆசிரியை:

அனைவருக்கும் வணக்கம். ஆறாம் ஆண்டு மாணவர்களைப் பினாங்கின் தெலுக் ஆயர் தாவார் சேற்றுக்கரைக்குப் பறவை பார்க்க அழைத்துச் செல்கிறோம். கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். வடக்கே குஞ்சு பொரித்த உள்ளான், மூக்கன் முதலிய கரைப்பறவைகள் செப்டம்பர் வாக்கில் வந்து மார்ச் வரை இங்கே இரை தேடித் தங்குகின்றன. இதை ஆங்கிலத்தில் ‘விண்டரிங்’ என்கிறார்கள். ‘குளிர்காலம் கழித்தல்’ என்று எழுதிக் காட்டினேன். “ஜனவரியில் இங்கே கொளுத்துகிறதே, டீச்சர்?” என்று ஒரு மாணவி கேட்டாள். பொருத்தமான சொல் தாருங்கள்.

ஆயர் ஈத்தாம், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

அம்மா, ஆண்டைப் பருவங்களாகப் பிரிக்கும் பெரும்பொழுது ஆறு நம்மிடம் இருக்கும்போது கடன் எதற்கு? ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர், மார்கழியும் தையும் முன்பனி, மாசியும் பங்குனியும் பின்பனி. பறவைகள் இருக்கும் மாதங்கள் ஏறத்தாழ இவையே. ‘கூதிர்த்தங்கல்’ என்று எழுதுங்கள். இன்னொன்று: பறவைகள் பருவந்தோறும் இடம்பெயர்வதற்குச் சொல்லும் ‘வலசை’ என்ற சொல்லைக் கையேட்டில் சேர்க்காதீர்கள். அது தெலுங்கிலிருந்து வந்ததாகச் சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியே சொல்கிறது. படைக்கு அஞ்சி ஊரைவிட்டு ஓடுவதற்கான சொல் அது. பறவை யாருக்கு அஞ்சி ஓடுகிறது?

கோலாலம்பூர் பறவை நோக்கர்:

ஐயா, பருவத்தின் பெயர் எதை வைத்தாலும் பொய்யாகிவிடும். 2022 அக்டோபரில் ஒரு பட்டைவால் மூக்கன் அலாஸ்காவில் கிளம்பி, 11 நாட்கள் எங்கும் இறங்காமல் 13,560 கிலோமீட்டர் பறந்து தாஸ்மானியாவில் இறங்கியது. பிறந்து ஐந்தே மாதமான பறவை. அது போய்ச் சேர்ந்தபோது அங்கே வசந்தம். அடுத்து வந்தது கோடை. அதையும் ‘விண்டரிங்’ என்றுதான் ஆங்கிலம் சொல்கிறது. அந்தக் குளிர், பறவை விட்டுவந்த ஊரின் குளிர். அதைத் தமிழிலும் சுமக்க வேண்டாம். பினாங்கிலோ செப்டம்பர், அக்டோபரில் மழை கொட்டும்; ஜனவரி, பிப்ரவரியில் வறண்டு கிடக்கும். கூதிரும் பனியும் எங்கே பொருந்தும்?

வலசை எங்கிருந்து வந்தாலும் இன்று நம் சொல். இராமநாதபுரம் பக்கம் பிரப்பன்வலசை போன்ற ஊர்ப்பெயர்களைப் பாருங்கள். பெயர்ந்து வந்தவர்கள் குடியமர்ந்த இடத்துக்கே அந்தப் பெயர் நின்றிருக்கிறது என்று கொள்கிறேன். போவதும் தங்குவதும் ஒரே சொல்லுக்குள் அடங்கும். ‘வலசைத் தங்கல்’ போதும்.

கிள்ளான் அன்பர்:

வலசை தெலுங்கு என்று ஏன் விட்டுக்கொடுக்கிறீர்கள்? வலம் + செல் என்பதே வலசெல் ஆகி, வலசை ஆகியிருக்க வேண்டும். வலப்புறமாக வளைந்து சுற்றிச் செல்லும் பயணம். கூட்டமாகப் பறக்கும் உள்ளான்கள் சட்டென்று ஒருபுறம் திரும்புவதைக் கண்டவர்களுக்கு இது விளங்கும். ‘வலசை’யின் ஐகார ஈற்றைப் பற்றித் தனியாக விரிவாக எழுதுகிறேன்.

ஆயர் ஈத்தாம் ஆசிரியர்:

தம்பி, மகர ஈறு அங்கே எந்த விதியால் கெட்டது? ‘செல்’ எப்படிச் ‘சை’ ஆனது? ஒரு சான்றாவது காட்டிவிட்டு மேலே எழுதுங்கள்.

பாயான் லெப்பாஸ் மொழிபெயர்ப்பாளர்:

பூசல் வளரும் முன் ஒன்று சொல்கிறேன். குறுந்தொகையின் ஐந்தாம் பாட்டில் ‘வதிகுருகு உறங்கும்’ என்று வருகிறது. புன்னை நிழலில் தங்கியிருக்கும் நீர்ப்பறவை, அதுவும் கடற்கரையில்! நமக்கு வேண்டிய காட்சி முழுவதும் அந்த ஒரு தொடரில் இருக்கிறது. ஆகவே ‘வதிவு’, ‘வதிகாலம்’. இலங்கைத் தமிழர் ‘வதிவிடம்’ என்று இன்றும் எழுதுகிறார்கள். இரண்டாயிரம் ஆண்டுச் சொல்லை நம் பிள்ளைகளுக்குக் கொடுப்போம்.

கோலாலம்பூர் பறவை நோக்கர்:

அழகான சொல், அக்கா. ஆனால் வதிகுருகு இரவு உறங்கவும் தங்கலாம். கடல் ஏறும்போது பறவைகள் கரையில் ஒதுங்கி ஓய்வெடுக்கும் சில மணி நேரத்துக்குத்தான் அந்தச் சொல்லை நான் வைத்திருக்கிறேன். ஏழு மாதத் தங்கலுக்கும் அதையே வைத்தால் இரண்டும் குழம்பிவிடும்.

டீச்சர், கடல் ஏறத் தொடங்கும் நேரத்தைப் பார்த்துப் பிள்ளைகளை அழைத்துப் போங்கள். வற்றிய நேரத்தில் பறவைகள் வெகுதொலைவில் புள்ளிகளாகத்தான் தெரியும். நார்ட்மன் பச்சைக்காலி கண்ணில் பட்டால் அதன் பெயரைச் சொல்லிக்கொடுங்கள். ருஷ்யாவின் ஓகோட்ஸ்க் கடலோரத்தில் கூடுகட்டும், அழியும் நிலையில் உள்ள பறவை அது.

பட்டர்வொர்த் ஆசிரியை:

எல்லாருக்கும் நன்றி. வகுப்பில் மூன்றையும் பலகையில் எழுதிக் கேட்டேன். ‘கூதிர்’ யாருக்கும் தெரியவில்லை. ‘வதிகாலம்’ சிலருக்குப் பிடித்திருந்தது. பொருள் சொன்ன பிறகுதான். ‘வலசைத் தங்கல்’ கேட்டவுடன் பாதியேனும் புரிந்தது. கையேட்டில் அதுவே போகிறது. கடல் ஏறும்போது ஒதுங்கும் இடத்துக்கு ‘வதிவிடம்’ என்று போட்டிருக்கிறேன்.

ஆயர் ஈத்தாம் ஆசிரியர்:

பெரும்பான்மைக்கு நான் குறுக்கே நிற்கவில்லை, அம்மா. ஆனால் ஆறாம் ஆண்டுப் பிள்ளைக்குக் கூதிர் தெரியவில்லை என்பது, அந்தச் சொல்லை விடுவதற்கான காரணம் ஆகாது, கற்றுக்கொடுப்பதற்கான காரணம். அட்டையின் பின்புறத்தில் இடம் இருந்தால் ஆறு பெரும்பொழுதுகளையும் மாதங்களோடு அச்சிடுங்கள். பட்டியலை இன்றிரவே அனுப்புகிறேன்.