கட்டுநாயக்கவிலிருந்து ஊருக்குத் தனியார் வான்: பணம் கட்டிய பிறகு குழப்பம், அவசர உதவி தேவை

பனிக்காலம்
வணக்கம். நாளை மறுநாள் இலங்கையில், கட்டுநாயக்க விமான நிலையத்தில் வந்து இறங்குகிறோம். ஊருக்குப் போக ஒரு வான் வண்டி பதிவு செய்து, பாதிப் பணத்தையும் அனுப்பிவிட்டேன். இன்று அவர்களிடமிருந்து வந்த செய்தி இவ்வளவுதான்: "4 சீட் உறுதி. வெள்ளவத்தை 9 மணி. 15 நிமிடம் முன்பே வந்து நிற்கவும்." நாங்கள் ஏன் வெள்ளவத்தையில் போய் நிற்க வேண்டும்? அழைத்தால் எடுக்கிறார்கள் இல்லை. அம்மாவும் கூட வருகிறார். பெட்டி கட்டிக்கொண்டே எழுதுகிறேன். தெரிந்தவர்கள் உடனே சொல்லுங்கள்.

நாவற்குழியான்
வெள்ளவத்தைக்குப் போகவே வேண்டாம். அது கொழும்பின் தெற்குப் பகுதி. உங்கள் பாதையோ வடக்கே. விமான நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் நீர்கொழும்பு, சிலாபம், புத்தளம், அநுராதபுரம், பிறகு ரம்பாவையில் ஏ9 வீதி. வவுனியா தாண்டினால் முறிகண்டிப் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கிக்கொண்டு மதியச் சாப்பாட்டுக்கு யாழ்ப்பாணம் போய்ச் சேரலாம். இன்னொன்று: 'ஹைவே காசு' என்று தனியாகக் கேட்டால் கொடுக்காதீர்கள். 2013-இல் திறந்த கொழும்பு–கட்டுநாயக்க அதிவேக வீதி கொழும்பு போகிறவர்களுக்கு உரியது. வடக்கே போகும் வாகனம் அதில் ஏறவே தேவையில்லை.

லாச்சப்பல்வாசி
எத்தனை மணிக்கு இறங்குகிறீர்கள்? எனக்குத் திகதியில்தான் சந்தேகம். கனடா, ஐரோப்பாவிலிருந்து வருகிற பாதிப் பேர் புறப்படும் திகதியைச் சொல்லிவிடுகிறார்கள். இங்கே இறங்கும்போது நாள் மாறியிருக்கும். போன வருடம் என் மைத்துனருக்கு வான் ஒரு நாள் முன்னதாகவே வந்து, காத்திருந்துவிட்டுத் திரும்பிப் போனது. திகதியைத் திரும்பப் பாருங்கள்.

பழையசாரதி
இருபத்திரண்டு வருடம் இந்த வீதிகளில் ஹயர் (வாடகை வாகனம்) ஓட்டியவன் என்ற முறையில் சொல்கிறேன். இங்கே வாரம் தவறாமல் இப்படி ஒரு பதிவு வருகிறது. இறங்கும் நேரம் இல்லை. எத்தனை பேர் என்பது இல்லை. எத்தனை பெட்டி என்பது இல்லை. அம்மா வருகிறார் என்கிறீர்கள். நடப்பாரா, நடக்கமாட்டாரா என்பது இல்லை. வைத்தியரிடம் போய் 'வலிக்கிறது' என்று மட்டும் சொல்லிவிட்டு மருந்து கேட்பீர்களா, தம்பி? முதலில் முழுவதையும் எழுதுங்கள்.

அதுவரை ஒன்றை மட்டும் மனத்தில் வையுங்கள்: இரவில் ஓட வேண்டாம். அதிகாலை இரண்டிலிருந்து நான்கு மணிவரை சாரதியின் கண் தானாக மூடும். அந்த நேரத்தில்தான் யானையும் வீதியில் நிற்கும். புத்தளம்–அநுராதபுரம் பாதை வில்பத்துக் காட்டின் ஓரமாகப் போகிறது. அந்தப் பாதையை இங்கே ஒருவர் கூசாமல் பரிந்துரைக்கிறார்.

நாவற்குழியான்
கூச என்ன இருக்கிறது? நான் அந்தப் பாதையில் நாற்பது தடவையாவது போயிருக்கிறேன். வீதி நேராகவும் அகலமாகவும் இருக்கிறது. தம்புள்ளைப் பக்கம் போனால் குருநாகல் நெரிசலில் ஒரு மணி நேரம் போய்விடும்.

பழையசாரதி
பின் ஆசனத்தில் நாற்பது தடவை உறங்கிக்கொண்டு போவதும் ஓட்டுவதும் ஒன்றல்ல.

பனிக்காலம்
மன்னிக்கவும், வேலையிடத்தில் நிற்கிறேன். 13ஆம் திகதி அதிகாலை 4:10-க்கு இறங்குகிறோம். திகதி சரிதான், இரண்டு தடவை பார்த்துவிட்டேன். நான்கு பேர்: அம்மா, நான், மனைவி, மகள். ஆளுக்கு 23 கிலோவில் இரண்டு, மொத்தம் எட்டுப் பெட்டி. அம்மாவுக்கு 79 வயது. மடிக்கும் சக்கர நாற்காலி இருக்கிறது. போகிற இடம் மட்டக்களப்பு. அதை முதலிலேயே எழுதிவிட்டதாக நினைத்திருந்தேன்.

கல்லடிப்பாலம்
மட்டக்களப்பா! மேலே உள்ள எல்லாரும் யாழ்ப்பாணம் வரைக்கும் கொண்டுபோய் விட்டுவிட்டார்களே. 'ஊர்' என்று ஒருவர் எழுதினால் எந்த ஊர் என்று கேட்க யாருக்கும் தோன்றவில்லை. கிழக்கிலும் தமிழர்களுக்கு ஊர் உண்டு, வாவி உண்டு, வீடு உண்டு. ஒவ்வொரு தடவையும் இதைச் சொல்ல வேண்டியிருப்பது உண்மையாகவே மனத்தை வருத்துகிறது.

தம்பி, புத்தளத்தையும் ஏ9-ஐயும் மறந்துவிடுங்கள். உங்கள் பாதை குருநாகல், தம்புள்ளை, ஹபரணை. ஹபரணையில் வலப்பக்கம் திரும்பி மின்னேரியா, பொலன்னறுவை, மன்னம்பிட்டி, வெலிக்கந்தை, ஓட்டமாவடி, வாழைச்சேனை, ஏறாவூர். ஏறக்குறைய 300 கிலோமீட்டர். நடுவில் சாப்பாட்டுக்கு நிறுத்தினால் ஏழு மணி நேரம்.

நாவற்குழியான்
அக்கா, தவறுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கேட்டவர் இடத்தின் பெயரை எழுதவில்லை என்பதையும் பாருங்கள். எனக்குத் தெரிந்த பாதையைத்தானே நான் சொல்ல முடியும்?

கல்லடிப்பாலம்
தெரிந்ததைச் சொன்னதில் குறை இல்லை. கேட்காமல் முடிவு கட்டியதுதான் குறை.

லாச்சப்பல்வாசி
மட்டக்களப்பு என்றால் கண்டி, மகியங்கனை, மகாஓயா, செங்கலடி என்று ஒரு பாதை இருக்கிறதே. காட்சிகளும் அழகு. மகளுக்கும் பிடிக்கும்.

பழையசாரதி
அந்தப் பாதையில் பதினெட்டு வளைவு இருக்கிறது. இரவெல்லாம் விமானத்தில் உட்கார்ந்து வந்த 79 வயது அம்மாவை அந்த வளைவுகளில் இறக்கினால் என்ன ஆகும் என்று யோசித்தீர்களா? அழகு பார்க்கிற பயணம் வேறு, வீடு சேர்கிற பயணம் வேறு.

4:10 இறக்கம் நல்ல நேரம். சக்கர நாற்காலி, குடிவரவு, பெட்டி எல்லாம் முடிந்து வெளியே வர ஐந்தரை ஆகும். மீரிகமைக்குப் போய், 2022 ஜனவரியில் திறந்த மீரிகமை–குருநாகல் அதிவேக வீதியில் ஏறினால் குருநாகல் நெரிசல் பெரும்பாலும் தப்பும். அதற்குரிய கட்டணம் நியாயமானது, கொடுங்கள். ஹபரணை, மின்னேரியாப் பகுதிக்கு ஒன்பது மணிபோல வருவீர்கள். நல்ல வெளிச்சம். 2023 ஜூலையில் பஸ் ஒன்று மன்னம்பிட்டியில் பாலத்திலிருந்து ஆற்றில் விழுந்தது இரவு நேரத்தில். அந்த வீதியைப் பகலில் மட்டும் கடக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

கல்லடிப்பாலம்
பாதை இருக்கட்டும். அவர் கேட்டது பாதையை அல்ல. தம்பி, நீங்கள் பதிவு செய்தபோது அனுப்பிய செய்தியை ஓர் எழுத்தும் மாற்றாமல் இங்கே போடுங்கள். எவ்வளவு பணம் என்பதையும் எழுதுங்கள்.

பனிக்காலம்
நான் அனுப்பியது: "வணக்கம். 13ஆம் திகதி கொழும்பிலிருந்து மட்டக்களப்புக்கு 4 பேருக்குத் தனியார் வான் வேண்டும். எவ்வளவு?"
அவர்கள் பதில்: "18,000. பாதி முற்பணம்."
நான் 9,000 அனுப்பினேன். அவ்வளவுதான் பேச்சு.

கல்லடிப்பாலம்
இப்போது விளங்குகிறது. 18,000-ஐ நான்கால் வகுத்துப் பாருங்கள். ஓர் ஆசனம் 4,500. வெள்ளவத்தையிலிருந்து இரவு ஒன்பதுக்குப் புறப்பட்டு, விடிவதற்கு முன் மட்டக்களப்பில் வீடு வீடாக இறக்கிவிடும் ஆசன வானில் நான்கு இடம் எடுத்திருக்கிறீர்கள். 9 மணி என்பது காலை அல்ல, இரவு. அதிகாலை நான்கு மணிக்கு இறங்கி, எட்டுப் பெட்டியோடும் அம்மாவோடும் கொழும்பைக் கடந்து வெள்ளவத்தைக்குப் போய், இரவு வரைக்கும் எங்கேயாவது காத்திருக்க வேண்டி வரும். அந்த வானில் மற்ற ஆசனங்களிலும் ஆட்கள் இருப்பார்கள். எட்டுப் பெட்டியை எங்கே வைப்பது?

அவர்கள் ஏமாற்றவில்லை. இரண்டு சொற்கள் உங்களைக் கவிழ்த்துவிட்டன. விமானச் சீட்டில் 'கொழும்பு' என்று இருப்பதைப் பார்த்து நீங்களும் கொழும்பு என்று எழுதினீர்கள். இங்கே உள்ளவர்களுக்குக் கொழும்பு என்றால் வெள்ளவத்தை, கோட்டை, புறக்கோட்டை. விமான நிலையம் என்றால் கட்டுநாயக்க. அது கொழும்பிலிருந்து முப்பது கிலோமீட்டருக்கு மேல் வடக்கே. இரண்டாவது, 'தனியார்'.

எழுத்தாணி
அதைத்தான் சொல்ல வந்தேன். தனியார் வான் என்றால் அரசுக்குச் சொந்தமில்லாத வான். தனியார் பஸ், தனியார் வைத்தியசாலை என்கிறோமே, அதேபோல. உங்களுக்கு வேண்டியிருந்தது தனி வான். ஓர் 'ஆர்' சேர்ந்ததால் பொருளே மாறிவிட்டது. வெளிநாட்டு இணையத்தளங்களில் மொழிபெயர்ப்பு இயந்திரம் 'பிரைவேட் டிரான்ஸ்ஃபர்' என்பதை 'தனியார் இடமாற்றம்' என்று எழுதித் தள்ளுகிறது. அதைப் படித்துப் படித்து நம்மவர்களும் அப்படியே எழுதுகிறார்கள்.

லாச்சப்பல்வாசி
வான்காரர் இலக்கணம் பார்த்தா விலை சொல்கிறார்? 'ஸ்பெஷல் ஹயர்' என்றால் கட்டுநாயக்கவில் நிற்கும் சிங்களச் சாரதிக்கும் புரியும். தமிழ்ச் சொல்லைத் தேடிக்கொண்டிருந்தால் விமானம் இறங்கிவிடும்.

எழுத்தாணி
'முழு வாகனமும் எங்களுக்கு மட்டும்' என்று எழுதினால் எந்தத் தமிழ்ச் சாரதிக்குப் புரியாது? நம் மொழியில் தெளிவாகச் சொல்ல வழி இருக்கும்போது ஏன் ஓட வேண்டும்? சாரதி என்கிறோம், வீதி என்கிறோம், திகதி என்கிறோம், எதில் குறைந்துபோனோம்?

லாச்சப்பல்வாசி
நீங்களே வான் என்று ஆங்கிலச் சொல்லைத்தானே எழுதுகிறீர்கள்.

பழையசாரதி
இந்த வழக்கை வேறு இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மனிதர் நாளை விமானம் ஏறுகிறார்.

விலையைக் கண்டதும் தம்பிக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். தனி வான் உங்களை இறக்கிவிட்டு வெறுமையாகத் திரும்பும். போக வர 600 கிலோமீட்டர். பெட்டி நிறைந்த ஹையேஸ் வான் லீட்டருக்குப் பத்துக் கிலோமீட்டர் ஓடினாலும் அறுபது லீட்டர் டீசல். 18,000-இல் பெரும் பகுதியை எரிபொருளே விழுங்கிவிடும். சாரதியின் கூலி எங்கே, வாகனத் தேய்மானம் எங்கே? குறைந்த விலையைக் கண்டு மகிழ்கிறவர்கள் அது எதற்கான விலை என்று கேட்பதே இல்லை. கார் எடுக்கலாம் என்றும் நினைக்காதீர்கள். ஆக்ஸியோ காரில் நான்கு பேர் ஏறினால் மூன்று பெட்டிக்கு மேல் போகாது.

கல்லடிப்பாலம்
தம்பி, இப்படிச் செய்யுங்கள். முதலில் அந்த வான்காரருக்கு எழுத்தில் அனுப்புங்கள்: "நான் கேட்டது முழு வாகனம். தவறாக எழுதிவிட்டேன். ஆசனங்களை வேறு ஆட்களுக்குக் கொடுங்கள், முற்பணத்தைத் திருப்பித் தாருங்கள்." இன்னும் இரண்டு நாள் இருப்பதால் அவர்களால் ஆசனத்தை நிரப்ப முடியும், மரியாதையாகக் கேட்டால் ஓரளவாவது கிடைக்கும்.

பிறகு மட்டக்களப்பில் இருக்கும் உறவினருக்கு இப்போதே அழைப்பு எடுங்கள். 12ஆம் திகதி இரவு யாரையாவது விமானம் ஏற்ற ஊரிலிருந்து கட்டுநாயக்க வரும் வான் எது என்று விசாரிக்கச் சொல்லுங்கள். கோயில் வீதியில் நிற்கும் சாரதிகளுக்குள்ளேயே தெரிந்துவிடும். ஏற்றிவிட்டு வெறுமையாகத் திரும்ப இருக்கிற வான் உங்களுக்குக் கிடைத்தால் சாரதிக்கும் இலாபம், உங்களுக்கும் விலை குறையும். ஆனால் அவர் அவ்வளவு தூரம் ஓட்டி வந்திருப்பார். விமான நிலையத்தில் நான்கு மணி நேரமாவது உறங்கினாரா என்று கேட்டுவிட்டுப் புறப்படுங்கள். இல்லையென்றால் இரண்டாவது சாரதி வர வேண்டும்.

பேசும்போது விமான எண்ணைக் கொடுங்கள், தாமதமானால் அவரே பார்த்துக்கொள்வார். வாகன இலக்கம், சாரதியின் தொலைபேசி, தரிப்பிடக் கட்டணமும் அதிவேக வீதிக் கட்டணமும் உள்ளே அடக்கமா, வழியில் வேறு யாரையும் ஏற்றமாட்டார் என்ற உறுதி, வீட்டு வாசல்வரை என்பது எல்லாம் எழுத்தில் இருக்கட்டும். அம்மாவுக்குச் சக்கர நாற்காலி உதவியை விமான நிறுவனத்திடம் இன்றே பதிவு செய்யுங்கள். மடிக்கும் நாற்காலி இருக்கிறது என்று விட்டுவிடாதீர்கள். வருகை மண்டபத்தில் சிம் அட்டை வாங்கிய பிறகே வெளியே வாருங்கள்.

பழையசாரதி
அக்கா சொன்னது சரி. உறக்கம் பற்றிச் சொன்னதை மட்டும் இரண்டு தடவை வாசியுங்கள். விலையை விட அது முக்கியம்.

நாவற்குழியான்
யாழ்ப்பாணத்திலும் இதே முறைதான், ஏற்றிவிட்டுத் திரும்பும் வான்தான் மலிவு. மட்டக்களப்பிலேயே விமான நிலையம் இருக்கிறதே, அதை ஏன் யாரும் சொல்லவில்லை?

கல்லடிப்பாலம்
2018 மார்ச்சில் பொதுப் பயணத்துக்குத் திறந்தார்கள், உண்மை. வருவது சிறிய உள்நாட்டு விமானம். எட்டுப் பெட்டி ஏறாது.

பனிக்காலம்
அக்கா, அண்ணாமார், மிக்க நன்றி. சித்தப்பா விசாரிக்கிறார். விமான நிலையம் போகிறோம்.

*(நான்கு நாட்களுக்குப் பிறகு)*

லாச்சப்பல்வாசி
பனிக்காலம், வீடு சேர்ந்தீர்களா?

பனிக்காலம்
சேர்ந்தோம். சித்தப்பா பிடித்த வான்தான். சாரதி உறங்கி எழுந்து தேநீர் குடித்துக்கொண்டு நின்றார். அம்மா பொலன்னறுவை வரை உறக்கம். வாழைச்சேனைப் பாலத்தில் எழுந்து அழுதுவிட்டார். முற்பணத்தில் 6,000 திரும்பி வந்தது. நன்றி.

பழையசாரதி
எந்த வழியாக வந்தீர்கள்? மீரிகமையில் ஏறினாரா, இல்லையா? அடுத்தவருக்கு உதவும், எழுதுங்கள்.