புது பில்ட்-இன் ஓவன் போட்டதும் ஆர்.சி.சி.பி. விழுது: ஓவன் கோளாறா, ஒயரிங்கா?

கேள்வி: குருசுக்குப்பம், புதுச்சேரி

பழைய பில்ட்-இன் ஓவனைக் கழட்டிட்டு அதே பொந்துல 60 செ.மீ. புது ஓவன் வெச்சாச்சு. பழசு 2.4 கிலோவாட். புதுசு 3.5 கிலோவாட். அதுக்காக டி.பி. பாக்ஸ்ல (வீட்டு லைன் எல்லாம் பிரியுற பெட்டி) தனி எம்.சி.பி. (பாரம் மீறினா வெட்டுற ஸ்விட்ச்) போட்டுப் புது லைன் இழுத்தோம். ஸ்விட்ச் போட்டா கடிகாரம் வருது, நேரம் வைக்க முடியுது. குமிழைத் திருப்பின அடுத்த நொடி மெயின் ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிஞ்சா வெட்டுற ஸ்விட்ச், 30 மில்லிஆம்பியர்) விழுந்துடுது. எம்.சி.பி. விழல. ஓவன் மழைக்காலம் முழுக்கப் பெட்டியிலயே கிடந்தது, கடற்கரை இரண்டு தெரு தள்ளித்தான். "ஈரம் ஏறிடுச்சு, திருப்பி அனுப்புங்க"ங்கிறார் எலக்ட்ரீஷியன். அனுப்புறதுக்கு முன்னாடி வேற என்ன பார்க்கணும்?

பதில்: மஞ்சக்குப்பம் ஒயர்மேன்

இரண்டு சோதனை பண்ணிட்டு வாங்க தம்பி.

ஒண்ணு, குமிழ்ல வெறும் விளக்குக்குன்னு ஒரு இடம் இருக்கும். அங்க வெச்சாலும் விழுதா? இரண்டாவது, ஓவனைக் கழட்டிட்டு அதே சாக்கெட்ல இஸ்திரிப் பெட்டியைப் போட்டுப் பாருங்க.

பதில்: தவளக்குப்பம்

இவ்வளவு எதுக்கு? ஆர்.சி.சி.பி.யைத் தாண்டி நேரா எம்.சி.பி.யில கொடுத்துட்டா விழாது.

பதில்: மஞ்சக்குப்பம் ஒயர்மேன்

விழாது, சரி. அப்புறம் கசிவு எந்தப் பக்கம் போகும்? ஓவன் பாடி இரும்பு, எர்த் ஒரு இடத்துல விட்டிருந்தா பாடி முழுக்கக் கரண்ட். பக்கத்துல சிங்க், ஈரக் கை. இந்த யோசனையை யாரும் எடுத்துக்காதீங்க.

கேட்டவர்

விளக்கு மட்டும் வெச்சாலும் விழுது அண்ணே. இஸ்திரிப் பெட்டி போட்டாலும் உடனே விழுது. அதே பெட்டி ஹால்ல நல்லா வேலை செய்யுது.

பதில்: மஞ்சக்குப்பம் ஒயர்மேன்

அப்போ இந்தக் கோளாறுல ஓவன் மேல பழி இல்ல. நியூட்ரல் மாறியிருக்கு.

ஆர்.சி.சி.பி. வழியா ஃபேஸ்ல போற கரண்ட் அதே ஆர்.சி.சி.பி. வழியா நியூட்ரல்ல திரும்பி வரணும். வித்தியாசம் 15 மில்லிஆம்பியருக்கு மேல ஏறினா விழ ஆரம்பிக்கலாம், 30-ல கண்டிப்பா விழணும். உங்க கடிகாரத்துக்கு இரண்டு மூணு வாட்தான், 10 மில்லிஆம்பியரைச் சுத்தித்தான் வரும், அதனால தப்பிச்சது. 25 வாட் விளக்கு 100 மில்லிஆம்பியருக்கு மேல இழுக்கும். அது முழுசும் வேற வழியில திரும்பினா நொடியில விழும். சூடு பண்ற காயிலுக்குக் கரண்டே போகாத நிலையில காயில் ஈரம்னு சொன்னா எப்படி?

புது லைனுக்கு ஃபேஸ் மட்டும் டி.பி.யிலேருந்து வந்திருக்கும். நியூட்ரலைக் கிட்டத்துல இருந்த ஏதோ ஒரு ஸ்விட்ச் பாக்ஸ்ல சேர்த்திருப்பாங்க. அது இன்வெர்ட்டர் லைன் நியூட்ரலா இருந்து, இன்வெர்ட்டருக்குப் போற லைன் ஆர்.சி.சி.பி.க்கு முன்னாடியே பிரிஞ்சிருந்தா இப்படித்தான் ஆகும். மெயினை அணைச்சுட்டு சாக்கெட் பிளேட்டைக் கழட்டி, நியூட்ரல் ஒயர் எங்க போய்ச் சேருதுன்னு பார்க்கச் சொல்லுங்க. அது ஆர்.சி.சி.பி.க்குப் பின்னாடி இருக்கிற நியூட்ரல் பாருக்குத் தனியா வரணும். நடுவுல ஒட்டு கூடாது.

அப்படியே இதையும் சரி பண்ணிடுங்க. 3,500-ஐ 230-ஆல வகுத்தா 15.2 ஆம்பியர். ஒரு மணி நேரம் கேக் வேகும்போது 16 ஆம்பியர் பிளக் அந்தப் பாரத்தைத் தாங்கும்னு நம்பாதீங்க. உப்புக்காத்துல பிளக்கோட பின் கறுத்தா சாக்கெட் உருகும். 4 ஸ்கொயர் (சதுர மி.மீ.) செம்பு ஒயர், 20 ஆம்பியர் எம்.சி.பி., பிளக்குக்குப் பதில் 32 ஆம்பியர் டி.பி. ஸ்விட்ச் (டபுள் போல், ஃபேஸ், நியூட்ரல் இரண்டையும் வெட்டுறது), அதுலேருந்து நேரடி இணைப்பு. ஸ்விட்ச் ஓவனுக்குப் பின்னாடி வேண்டாம், பக்கத்து அலமாரிக்குள்ள கை எட்டுற இடத்துல இருக்கணும். 2.8 கிலோவாட் வரைக்கும்னா நல்ல பிளக்கே போதும். மின்துறை பில்லுல வீட்டோட அனுமதி லோடு எவ்வளவுன்னும் ஒரு தடவை பாருங்க.

பதில்: நெல்லிக்குப்பம் ஆசாரி

பொந்தைப் பத்தி யாரும் கேக்கல. பழைய ஓவன் இருந்த இடம்னா அளவு சரியா இருக்கும்னு நினைக்க வேண்டாம். 60 செ.மீ. ஓவனுக்குப் பொதுவா உள் அகலம் 560-லேருந்து 568 மி.மீ., உயரம் 590-லேருந்து 600, ஆழம் குறைஞ்சது 550. கடைசித் தீர்ப்பு பெட்டியில வந்த வரைபடம்தான். இரண்டு மூலைவிட்டத்தையும் அளங்க. ஒண்ணா வரலைன்னா பொந்து கோணல், கதவு ஒரு பக்கம் உரசும்.

முக்கியமா, பின் பலகை இருக்கக்கூடாது. ஓவனைத் தாங்குற 18 மி.மீ. பிளைவுட் தட்டும் சுவரைத் தொடாம 50 மி.மீ. முன்னாடியே நிக்கணும். கீழேருந்து வர்ற காத்து அந்தச் சந்துலதான் மேல ஏறும். அதை அடைச்சா பக்கத்து மைக்கா எழும்பும், ஃபேன் சமையல் முடிஞ்சும் நிக்காம ஓடும். உள்ளே தள்ளும்போது ஒயர் பின்னாடி மடங்காம பக்கவாட்டுல படியணும். கதவுக் கைப்பிடியைப் பிடிச்சுத் தூக்கவே கூடாது, கீல் வளையும். எடை 30 கிலோவுக்கு மேல இருக்கும், இரண்டு பேர் வேணும்.

கேட்டவர்

நியூட்ரல் அண்ணன் சொன்னபடியே சமையல்கட்டு இன்வெர்ட்டர் பாயிண்ட்லேருந்துதான் வந்திருக்கு. மாத்தியாச்சு, டி.பி. ஸ்விட்சும் போட்டாச்சு. விளக்கு, ஃபேன், கீழ்ச்சூடு எல்லாம் விழாம ஓடுது. ஆனா கிரில் (மேல் காயில்) மட்டும் போட்டா இரண்டு நிமிஷத்துல திரும்ப விழுது!

பதில்: மஞ்சக்குப்பம் ஒயர்மேன்

இப்போ எலக்ட்ரீஷியன் சொன்னதும் பாதி உண்மை ஆயிடுச்சு. காயில் குழாய்க்குள்ள இருக்கிற மக்னீசியம் ஆக்ஸைடு தூள் ஈரத்தை இழுக்கும். முனை சீல் வழியா ஏறும். மாசக்கணக்கா சும்மா கிடந்த ஓவன்ல சகஜம்.

கிரிலைத் தொடாதீங்க. ஃபேன் சூட்டுல 100 டிகிரி அரை மணி, பிறகு 150-ல ஒரு மணி ஓட்டுங்க. பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை கதவைத் திறந்து ஆவியை விடுங்க. ஆறினதும் கிரிலைப் போடுங்க. இரண்டு மூணு சுற்றுலயும் விழுந்தா வாரண்டியில காயிலை மாத்தச் சொல்லணும். அவங்க வந்தா மெயினை அணைச்சு, காயிலோட இரண்டு ஒயரையும் கழட்டிட்டு 500 வோல்ட் மெக்கர்ல (இன்சுலேஷன் அளக்குற மீட்டர்) முனைக்கும் பாடிக்கும் நடுவுல அளக்கணும். 1 மெகா ஓமுக்குக் கீழே காட்டினா இன்னும் ஈரம். ஒயரைக் கழட்டாம மெக்கர் வெச்சா ஓவனோட எலக்ட்ரானிக் போர்டு போயிடும். காயில் ஓம் அளவும் பார்க்கலாம்: 2,000 வாட் கிரில்னா ஏறக்குறைய 26 ஓம்.

கேட்டவர்

இரண்டாவது சுற்றுக்கு அப்புறம் கிரில் 15 நிமிஷம் ஓடுச்சு, விழல. ஆனா ஒரே புகை வாடை.

பதில்: நெல்லிக்குப்பம் ஆசாரி

அது ஆலையில பூசின எண்ணெய். தட்டு, கம்பி எல்லாத்தையும் வெளியே எடுத்துட்டு, ஜன்னலைத் திறந்து வெச்சு 250 டிகிரியில ஒரு மணி நேரம் காலியா ஓட்டுங்க. அது முடியட்டும், அப்புறம் பக்கவாட்டு ஸ்க்ரூவை இறுக்குங்க. 2 மி.மீ. துளை போட்டுட்டு இறுக்கினா பிளைவுட் ஓரம் பிளக்காது.