சர் சோட்டு ராம் பற்றிய தகவல்கள் தேவை

வணக்கம் நண்பர்களே. பிரிக்கப்படாத பஞ்சாபின் உழவர் தலைவர் சர் சோட்டு ராம் பற்றி எங்கள் ஊர் விவசாயிகள் கூட்டத்தில் பேசவிருக்கிறேன். 1881-இல் இன்றைய ஹரியானாவில் உள்ள ரோத்தக் பக்கம் கர்ஹி சாம்ப்லா கிராமத்தில் பிறந்தவர், வக்கீல். 1923-இல் பஞ்சாபின் முஸ்லிம் தலைவர் ஃபசல்-இ-உசேனோடு சேர்ந்து, உழவர் நலனை முன்வைத்த யூனியனிஸ்ட் கட்சியைத் தொடங்கினார். என்னை ஈர்த்தவை அவர் அமைச்சராக இருந்தபோது வந்த சட்டங்கள்தான். வட்டிக்காரர்களிடம் அடமானத்தில் சிக்கிய நிலங்களை மீட்க 1938-இல் ஒன்று, மண்டிகளில் நடந்த எடை மோசடியைத் தடுக்க 1939-இல் இன்னொன்று. இந்து, முஸ்லிம், சீக்கிய உழவர்களை அந்தக் காலத்தில் ஒரே அணியில் நிறுத்தியது சாதாரணக் காரியமா!

இச்சட்டங்கள் மீது லாகூரில் இருந்த அன்றைய பஞ்சாப் சட்டமன்றத்தில் நடந்த விவாதங்கள் எங்கே படிக்கக் கிடைக்கும்? தமிழில் பழைய பத்திரிகைக் குறிப்பு ஏதாவது இருந்தாலும் சொல்லுங்கள். உருது வாசிக்கத் தெரிந்தவர்கள் கைகொடுத்தால் பெரிய உதவியாக இருக்கும்.