அட்மின் உரிமை இல்லாத ஆபீஸ் கணினியில் போஸ்டர் செய்த அனுபவம்: உங்களுடையதையும் சொல்லுங்கள்

ஒரு வங்கியின் வட்டார அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். டிசைன் என் வேலை இல்லை. ஆனால் எனக்குக் கொஞ்சம் வரும் என்று யாரோ சொல்லிவிட, நாலு வருஷமாக அக்டோபர் பிறந்தாலே ஊழல் தடுப்பு விழிப்புணர்வு வாரத்துக்கான போஸ்டரும் பேனரும் என் மேஜைக்கு வந்துவிடுகின்றன. படேல் பிறந்த நாளான 31ஆம் தேதியை ஒட்டி நடப்பதால் கெடு ஒரு நாளும் நகராது. கணினியிலோ எதையும் இன்ஸ்டால் பண்ண முடியாது, பென்டிரைவ் எடுக்காது, இணையத்தில் டிசைன் செய்கிற கேன்வா, ஃபோட்டோபீ இரண்டுமே தடை. இருப்பது பவர்பாயின்ட், வேர்டு, பெயின்ட், அவ்வளவுதான். வீட்டு லேப்டாப்பில் செய்யலாமே என்று கேட்காதீர்கள், அலுவலகக் கோப்பைச் சொந்த மெயிலுக்கு அனுப்புவது தப்பு, அதில் எனக்கு இரண்டாவது எண்ணம் இல்லை.

முதல் வருஷம் பெயின்ட்டில் செய்தேன். ஏ4 தாள் அச்சில் தெளிவாக வர 2480க்கு 3508 பிக்சல் வேண்டும் என்று தெரிந்துகொண்டு அந்த அளவே வைத்தேன். ஆனால் பெயின்ட்டில் எழுத்தை அடித்துவிட்டு வெளியே கிளிக் செய்த நிமிடமே அது படமாகிவிடும், அப்புறம் திருத்த முடியாது. மேலாளர் ஒவ்வொரு முறையும் ஒரு ஒற்றெழுத்தைச் சுழித்துக் கொடுப்பார், அந்த வரி முழுவதையும் அழித்துவிட்டு மறுபடி அடிப்பேன். ராத்திரி எட்டரை வரைக்கும் இதே வேலை.

அடுத்த வருஷம் பவர்பாயின்ட்டுக்கு வந்தேன், இன்றுவரை அதுதான். ஒரு விஷயத்தை மட்டும் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். ஸ்லைடு அளவில் ஏ4 என்று இருப்பதைத் தேர்ந்தெடுத்தால் வருவது நிஜ ஏ4 அல்ல, 27.52க்கு 19.05 செ.மீ.தான். அதனால் 21, 29.7 என்று நாமே அடிக்க வேண்டும். வெட்டும் ஓரத்துக்குச் சுற்றிலும் 3 மி.மீ. விட்டால் 21.6, 30.3. படமாகச் சேமித்தால் 96 டிபிஐதான் (ஓர் அங்குலத்துக்கு 96 புள்ளி) கிடைக்கும், அதைக் கூட்ட விண்டோஸின் உள் அமைப்புகள் இருக்கும் ரெஜிஸ்ட்ரியில் கை வைக்க வேண்டும், அது பூட்டியிருக்கிறது. ஆகவே எப்போதும் பிடிஎஃப். ஆப்ஷன்ஸில் அட்வான்ஸ்டு பகுதிக்குப் போய் படங்களைச் சுருக்காதே என்று டிக் செய்துவிடுங்கள், அதற்கு யார் அனுமதியும் வேண்டாம். பத்துக்கு நாலு அடி பேனர் கேட்டால் பயப்பட வேண்டாம், ஸ்லைடு 56 அங்குலத்தைத் தாண்டாது என்பதால் கால் அளவில், 30க்கு 12 அங்குலமாகச் செய்து, நாலு மடங்கு பெரிதாக்கச் சொல்லி ஃபிளெக்ஸ் கடையில் எழுதிக் கொடுத்துவிடுவேன்.

லோகோவுக்குப் பக்கத்தில் போடுகிற சின்னங்களை வட்டம், சதுரம் என்று வரைந்து மெர்ஜ் ஷேப்ஸில் ஒட்டியும் வெட்டியும் எடுக்கிறேன். தராசு, பூட்டு, கை எல்லாமே அப்படிச் செய்தவை. அதில் எனக்கு உண்மையான சந்தோஷம் உண்டு.

நான் பட்ட பெரிய பாடு எழுத்தில்தான். எங்கள் அறிவிப்புகளில் தமிழ், இந்தி, ஆங்கிலம் என்ற வரிசையில் மூன்றும் வர வேண்டும். நிர்மலா யுஐ என்ற எழுத்துரு ஒன்றிலேயே மூன்றும் இருப்பதால் தப்பித்தேன். ஆனால் அச்சகத்தில் என் பிடிஎஃப்பைக் கோரல்டிரா என்ற டிசைன் மென்பொருளில் திறந்தபோது "லஞ்சம் கொடுக்காதீர்கள்" என்பது "ெகாடுக்காதீர்கள்" ஆகிவிட்டது. 500 பிரதி ஓட்டுவதற்கு முன்னால் அச்சகத்தார் புரூஃபை போனில் படம் எடுத்து அனுப்பியதால் பார்த்தேன், இல்லாவிட்டால் அந்த வாரம் முழுக்க எல்லாக் கிளைகளிலும் உடைந்த தமிழ் தொங்கியிருக்கும். தமிழ்நாட்டில் தமிழ் உடைந்து தொங்குவதை நான் சின்ன விஷயமாக நினைக்கவில்லை. இப்போது பிடிஎஃப்பை உள்ளே எடுக்கும்போது எழுத்தை டெக்ஸ்டாக அல்லாமல் கர்வ்ஸாக (வரைந்த வடிவமாக) எடுக்கச் சொல்லி மெயிலின் முதல் வரியிலேயே எழுதிவிடுகிறேன்.

உங்கள் ஆபீஸில் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

மறுமொழி 1

தாலுகா ஆபீஸில் இருக்கிறேன் சார். எங்களிடம் விண்டோஸ் இல்லை, மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் இயங்குதளம். இன்க்ஸ்கேப் என்ற இலவச வரைகலை மென்பொருளைப் போடலாம் என்றால் ரூட் (அட்மின்) பாஸ்வேர்டு எங்களுக்குத் தரமாட்டார்கள், அதனால் லிப்ரே ஆபீஸ் டிராதான். சொன்னால் நம்பமாட்டீர்கள், வாக்காளர் முகாம் அறிவிப்பு, பட்டா சிறப்பு முகாம் துண்டறிக்கை எல்லாம் அதிலேயே செய்கிறேன். பக்க அளவு கேட்டபடி வைக்கலாம், லேயர் உண்டு, பிடிஎஃப் நன்றாக வருகிறது. எழுத்துருவுக்கு ரூட் தேவையே இல்லை, நம் ஹோம் ஃபோல்டருக்குள் எழுத்துரு ஃபோல்டர் ஒன்று வைத்து அதில் போட்டால் போதும், லிப்ரே ஆபீஸை மூடித் திறந்தால் வந்துவிடும். இது எனக்குத் தெரிய ஒன்றரை வருஷம் ஆயிற்று, அதுவரை லோகித் தமிழ் எழுத்துரு ஒன்றை வைத்தே ஓட்டினேன், தலைப்பும் அதே, அடிக்குறிப்பும் அதே.

கலரில் அடிபட்டிருக்கிறேன். திரையில் பளிச்சென்று இருந்த நீலம் அச்சில் கத்தரிப்பூ நிறத்தில் வந்தது. திரை ஆர்ஜிபி (சிவப்பு, பச்சை, நீல ஒளி), அச்சகம் சிஎம்ஒய்கே (நான்கு நிற மை), அந்த நீலத்தை மையால் கொண்டுவரவே முடியாது என்று அச்சகத்து அண்ணன்தான் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தார். அவரிடம் இருந்த அச்சடித்த நிற அட்டையைப் பார்த்து எண்களைக் குறித்துக்கொண்டு வந்தேன், இப்போது அந்த எண்களை மட்டும்தான் பயன்படுத்துகிறேன்.

மறுமொழி 2

நான் பூட்டுப் போடுகிற பக்கத்தில் இருப்பவன், சிஸ்டம் அட்மின். எழுத்துருவைக் கூட ஏன் தடுக்கிறீர்கள் என்று தினமும் கேட்கிறார்கள். 2011இல் டூகூ என்ற தீநிரல் வேர்டு கோப்புக்குள் வைத்த ஒரு எழுத்துரு வழியாகத்தான் விண்டோஸின் உள்ளே புகுந்தது. அப்போது எழுத்துருவைப் படிக்கிற வேலை விண்டோஸின் மையப் பகுதியான கெர்னலிலேயே நடந்ததால் அங்கே ஓட்டை என்றால் கணினி முழுவதும் போயிற்று. விண்டோஸ் 10இல் அந்த அமைப்பை மாற்றிவிட்டார்கள், 1809 பதிப்பிலிருந்து அட்மின் இல்லாமலே தன் கணக்குக்கு மட்டும் எழுத்துரு போட்டுக்கொள்ளவும் முடியும். உங்கள் ஆபீஸில் அதைத் தனியாகத் தடுத்திருக்கலாம், அதனால் முதலில் கேளுங்கள்.

கேட்கும்போது "டிசைன் சாஃப்ட்வேர் வேண்டும்" என்று ஒரு வரியில் கேட்காதீர்கள், அதை எங்களால் மேலே அனுப்பவே முடியாது. பெயர், எங்கிருந்து இறக்குவது, என்ன உரிமம், எந்த வேலைக்கு, யார் கையெழுத்து, இவ்வளவும் எழுதுங்கள். கேட்டமரன், முக்தா மலர், ஹிந்த் மதுரை, நோட்டோ சான்ஸ் தமிழ் எல்லாம் ஓப்பன் ஃபான்ட் லைசென்ஸில் இருப்பவை, உரிமப் பிரச்சினை வராது. இன்ஸ்டால் செய்யாமலே ஓடுகிற போர்ட்டபிள் எக்ஸியை மட்டும் எப்படியாவது உள்ளே கொண்டுவந்து ஓட்டாதீர்கள். எங்கள் லாகில் தெரியும், அதன் பிறகு நீங்கள் நியாயமாகக் கேட்பதும் கிடைக்காது.

பதிவு எழுதியவர்

ரொம்ப நன்றி சார். நீங்கள் சொன்ன மாதிரியே ஒரு பக்கக் கடிதம் எழுதி, போன வருஷம் உடைந்து வந்த அந்தப் புரூஃபின் படத்தையும் இணைத்துக் கொடுத்தேன். ஒன்பது நாளில் கேட்டமரனும் முக்தா மலரும் என் கணினியில் வந்துவிட்டன, இன்க்ஸ்கேப்பை மட்டும் மறுத்துவிட்டார்கள். தலைப்பைக் கேட்டமரனில் மாற்றிப் பார்த்தேன். "விழிப்புணர்வு" என்ற ஒரு சொல்லே முன்பு பாதி அகலத்தைத் தின்றுவிடும், இப்போது அதே அகலத்தில் இன்னும் தடிமனாக நிற்கிறது. மேலாளர் இந்த முறையும் ஒரு ஒற்றைச் சுழித்தார், ஒரே கிளிக்கில் திருத்தி பிரின்ட் எடுத்துக் கொடுத்தேன்.